ஆமென் கிடைக்காத ஜெபம்

ஏலிம்விளையில் வாசித்த வசனம் வாசித்த இடத்திலேயே தங்கிவிட ஆரம்பித்தது, லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் புதன்கிழமை, சபை மூப்பர் ஞானசிகாமணி வீட்டு ஹாலில்தான் என்று இன்றைக்கும் அந்த ஊர்ச் சபையார் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பொய். அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே அவருடைய தம்பி பெண்சாதி தேவக்கனியின் அடுப்படியில் ஒரு வசனம் வந்து தங்கியாகிவிட்டது. ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவள் அடுப்படியில் நடக்கிற அதிசயத்தை யார் சட்டை செய்தார்கள்? பெரிய மனுஷன் வீட்டு ஹாலில், காற்றாடிக்குக் கீழே, நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது நடந்தால்தானே அது அதிசயம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வேதம் வாசிப்பது பொம்பளை, ஜெபம் பண்ணுவது ஆம்பளை. யார் வைத்த சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் வீட்டுக்காரி பாயை விரித்து, அன்றைக்குரிய வேதபாடத்தை வாசித்து, புத்தகத்தை மூடி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிவாள். வீட்டுக்காரன் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பிப்பான். அவள் வாசித்ததற்கும் அவன் ஜெபித்ததற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. அவள் காணாமல்போன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனை வாசித்திருப்பாள், அவன் மழைக்கும் மகன் வேலைக்கும் தன் முழங்கால் வலிக்கும் ஜெபித்து முடிப்பான், தேடின ஆடு கிடைத்ததா இல்லையா என்று இரண்டு பேருக்குமே கவலை கிடையாது. இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தது.

தேவக்கனிக்கு வாசிக்கிற குரல் நல்ல குரல். கோயிலில் வேதபாடம் என்றால் அவள்தான், கலியாண வீடு, துக்க வீடு, புதுமனை புகுவிழா எதுவானாலும் கூப்பிடு தேவக்கனியை என்பார்கள். ஆனால் அவள் பிறந்ததிலிருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட வாய்விட்டு ஜெபித்தது கிடையாது. அவள் புருஷன் செல்லத்துரை கொத்தனார், ஊரில் பாதி வீடு அவர் கை பட்டது. தன் வீட்டையும் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள் சாயங்காலங்களில், வேலை முடிந்து வந்து, அவள் சாந்து குழைத்துக் கொடுக்கக் கொடுக்கத் தானே கட்டினார். முன்னால் ஒரு ஹால், பக்கத்தில் ஒரு அறை, பின்னால் அடுப்படி. வெள்ளையடித்துக் குடிவந்த கொஞ்ச காலத்தில் மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கலைவதற்குள் அண்ணன் ஞானசிகாமணி வந்து நின்றார். ஆண்துணை இல்லாத வீட்டில் முன்வாசல் திறந்து கிடக்கலாமா, ஊர் என்ன பேசும், பொம்பளைப்பிள்ளை வேறு இருக்கிறாள் என்று ரொம்ப அக்கறையாகச் சொல்லி, தன் கருப்பட்டிச் சிப்பங்களை ஹாலிலும் அறையிலும் கூரை முட்ட அடுக்கினார். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த கதவை ஹால் பக்கமாகப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அதோடு தேவக்கனியும் மகள் கெசியாவும் அடுப்படியில் சமைத்து, அடுப்படியில் படித்து, அடுப்படியில் படுத்து, பின்வாசல் வழியாகப் போய் வந்து, தங்கள் வீட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் வழிப்போக்கர் மாதிரி பார்த்துவிட்டு வருகிற கதிக்கு ஆளானார்கள். மூப்பரோ சனிக்கிழமைதோறும் தவறாமல் பின்வாசலில் வந்து நின்று, இந்த விதவையையும் தகப்பனில்லாப் பிள்ளையையும் உமது செட்டைகளின் நிழலில் மறைத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று உருகி உருகி ஜெபிப்பார். அவர் ஜெபத்தை ஆரம்பிக்கும்போது உலையில் அரிசி போட்டால், முடிப்பதற்குள் வடித்து இறக்கிவிடலாம். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த அடுப்படியில்தான் ஒரு சாயங்காலம் தேவக்கனி, கேட்டால் கொடுக்கப்படும், தேடினால் கண்டடையலாம், தட்டினால் திறக்கப்படும் என்கிற அந்த இடத்தை வாசித்தாள். ஜெபிக்க வீட்டில் ஆம்பளை இல்லாததால் அவள் வீட்டில் வாசிப்பு முடிந்தால் முடிந்ததுதான், புத்தகத்தை மூடிவிட்டுச் சோற்றைப் போடுவாள். அன்றைக்கும் மூடினாள். ஆனால் வசனம் மூடவில்லை. பூட்டிய கதவுக்குப் பக்கத்தில், அவள் நெஞ்சு உயரத்தில், அவளுடைய குரலிலேயே, அவசரமில்லாமல், கேள், தேடு, தட்டு என்று அது சொல்லிக்கொண்டே நின்றது. தாயும் மகளும் சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள், அது நின்றது. காலையில் எழுந்து பார்த்தால் அப்போதும் நின்றது. ஓயாமல் இருமிக்கொண்டிருக்கிற மாமியார் வீட்டில் இருந்தால் எப்படிப் பழகிப்போகுமோ அப்படி அதுவும் அவர்களுக்குப் பழகிப்போனது. கெசியா அதைக் கேட்டுக்கொண்டேதான் கணக்குப் போட்டாள்.

பிறகுதான் லெந்து வந்தது. லெந்துக் காலத்தில் புதன்தோறும் வீட்டு ஜெபம், முதல் புதன் எப்போதும் மூப்பர் வீடு. அன்றைக்குரிய வேதபாடம் எதுவோ அதைத்தான் வாசிக்க வேண்டும், அதில் வாசிக்கிறவளுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது, பின்னால் எத்தனையோ பேர் இவள் வேண்டுமென்றே தேடி எடுத்தாள் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்களே, அதற்காகச் சொல்கிறேன். அன்றைக்கு விழுந்த பாடம், விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு ஊர் பார்க்க நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு ஐயோ என்று ஆண்டவர் சொன்ன இடம். தேவக்கனி வாசித்தாள். ஒரு எழுத்தையும் விழுங்காமல் வாசித்து முடித்தாள். மூப்பர் கண்ணை மூடி, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே என்று ஆரம்பித்து, எல்லாருக்கும் கால் மரத்துப்போகும் அளவுக்கு ஜெபித்து முடித்தார். ஆமென் என்று எல்லாரும் கண் திறந்தபோது காற்றாடிச் சத்தத்துக்கு அடியில் தேவக்கனியின் குரல் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. தேவக்கனி வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். சுண்டலும் சுக்குக் காப்பியும் கொடுத்தார்கள், எல்லாரும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வசனத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வாரத்துக்குள் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை. எந்த வீட்டில் எதை வாசித்தார்களோ அது வாசித்தவள் குரலில் அங்கேயே தங்கிவிட்டது. இதற்காக ஏலிம்விளை ஒன்றும் ஆடிப்போய்விடவில்லை. தண்ணீர் லாரி வராத வாரத்தையே சமாளித்த ஊர் இதைச் சமாளிக்காதா? வம்ச வரலாறு தங்கின வீட்டில் பிள்ளைகள் அந்த வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் மனப்பாடம் பண்ணி நாய்க்குட்டிகளுக்கு வைத்தன. இரண்டு அங்கி உடையவன் ஒன்றைக் கொடுக்கக்கடவன் என்பது துணிக்கடைக்காரர் வீட்டில் தங்கிவிட, அவர் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். ரூபவதி டீச்சர் வீட்டில் மேய்ப்பன் சங்கீதம் தங்கியது, யோகம் என்றால் அதுதான். மத்தியானம் ஆனால் அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து டீச்சர் வீட்டுக் கூடத்தில் அந்தச் சத்தத்தில் கண்ணயர்ந்துவிட்டுப் போவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்கு என்ன படிப்பு என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் என்ன வசனம் நிற்கிறது என்று கேட்டார்கள், நியாயத்தீர்ப்பு வசனம் நின்ற வீட்டுப் பெண்களுக்கு வந்த வரன் தட்டிப்போனது. கரண்டு கணக்கெடுக்க வருகிற சுடலைமுத்து, அவர் கோயிலே வேறு, மீட்டரைப் பார்க்கிற சாக்கில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

வசனம் போகிற வழியும் ஒரு நாள் தெரிந்தது. சமாதானம், சந்தோஷம் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், பெயரில்தான் அதெல்லாம், பெற்ற தாயை மாதம் மாற்றி மாதம் ஒருத்தர் வீட்டிலிருந்து ஒருத்தர் வீட்டுக்குக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அண்ணன்காரன் சமாதானம் வீட்டில் தாயையும் தகப்பனையும் கனம்பண்ணு என்பது தங்கியது. அவனும் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான், வயலில் போய்ப் படுத்துப் பார்த்தான். கடைசியில் ஒரு நாள் காலையில் தாங்க முடியாமல், வழக்கமான ஜெபத்தையெல்லாம் விட்டுவிட்டு, ஆண்டவரே, அம்மை பாரமா இருக்குன்னு நெனச்சேன், தப்பு, இனிமே என் வீட்டுலயே இருக்கட்டும் என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டே ஜெபித்தான், எழுந்துபோய்த் தம்பி வீட்டிலிருந்து தாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் வாசற்படி ஏறும்போதே வசனம் அடங்கியிருந்தது. இதைக் கேள்விப்பட்ட ரூபவதி டீச்சர், வசனம் யாரைப் பார்த்து நிற்கிறதோ அவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்றார். ஊருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு சிலர் ஜெபித்தார்கள், பலர் டிவி வாங்கினார்கள்.

ஞானசிகாமணி இரண்டும் செய்யவில்லை. அந்த வசனம் பரிசேயருக்குச் சொன்னது, பழைய காலத்து விஷயம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கம் சொன்னார். அதற்கு எதிரே நின்று ஜெபித்தும் பார்த்தார், இந்தச் சத்தத்தைக் கடிந்துகொள்ளும் ஆண்டவரே என்று தொண்டை வறள ஜெபித்தார். அவர் எவ்வளவு நீளமாக ஜெபித்தாரோ அவ்வளவு தெளிவாக அது, நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களே என்றது. வியாபாரத்துக்கு வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து போனார்கள். முதல் புதன் ஜெபத்தை இனி அந்த வீட்டில் வைக்க முடியாது என்று ஆனது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதிரி யோசனை லேசில் யாருக்கும் உதிக்காது. தம்பி வீட்டின் முன்பக்கத்தைச் சபைக்கு எழுதிக் கொடுத்து, செல்லத்துரை நினைவு ஜெப வீடு என்று ஆக்கிவிடுவது. அவர் ஹால் போனால் என்ன, ஊருக்கே ஒரு ஹால். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவித்ததும் சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது, எவ்வளவு பெரிய மனசு என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாருடைய வீட்டை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை.

மறுநாள் சபைக் குரு வந்தார், அந்த ஊரில் அவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். நல்ல மனுஷன்தான், யார் மனதும் நோகக்கூடாது என்று நினைக்கிறவர், அப்படி நினைக்கிறவர்களால்தான் ஒருத்தர் மனது மட்டும் நொந்துகொண்டே இருக்கும். பின்வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, உன் வீட்டுக்காரர் பெயர் காலாகாலத்துக்கும் நிலைத்து நிற்கும், கர்த்தருக்குக் கொடுக்கிறதில் என்ன வருத்தம் என்று நயமாகப் பேசினார். பிரதிஷ்டை அன்றைக்கு வேதபாடம் நீதான் வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"நாங்க ரெண்டு பேரும் எங்க ஐயரே இருக்க?" என்று கேட்டாள் தேவக்கனி.

"அடுப்படி அப்படியேதான் இருக்கும்மா. ஜெப வீட்டுக்கு வாரவங்களுக்குக் காப்பி போட ஒரு இடம் வேணும்லா."

 ஐயர் போன பிறகு தேவக்கனி அடுப்பில் கொதித்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை காலமும் அவள் மனதுக்குள் ஜெபிக்காமல் இல்லை. பொறுமை தாரும் என்று கேட்டிருக்கிறாள், சமாதானம் தாரும் என்று கேட்டிருக்கிறாள், கெசியாவுக்கு நல்ல மார்க்கு, அத்தான் ஞானசிகாமணிக்கு நல்ல மனசு, எல்லாம் கேட்டிருக்கிறாள். வீட்டைத் தாரும் என்று மட்டும் கேட்டதில்லை. வீடு வேண்டும் என்று கேட்பது பேராசை, விட்டுக்கொடுப்பதுதான் விசுவாசம் என்று அந்தக் கோயிலில் சொல்லிச் சொல்லி அவள் காதில் ஏற்றியிருந்தார்கள். அடுப்படி வசனம் மட்டும் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளாமல், கேள், தேடு, தட்டு என்று கதவோரம் நின்றுகொண்டே இருந்தது.

"அம்மா, அது நமக்குத்தான் சொல்லுது. நீ ஏன் தட்ட மாட்டேங்கிற?" என்றாள் கெசியா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

"நம்ம வீட்டுக் கதவ நாம எதுக்குட்டி தட்டணும்?"

சட்டென்று கோபத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. நம்ம வீடு. புருஷன் செத்ததிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. அவள் எழுந்துபோய் அந்தக் கதவைக் கையால் தடவிப் பார்த்தாள், செல்லத்துரை தச்சனுக்குக் கொடுக்காமல் தானே இழைத்து மாட்டின கதவு, அடியில் ஒரு இடத்தில் உளி பிசகின தடம் இருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

பிரதிஷ்டைக்குக் கருப்பட்டிச் சிப்பங்களை அகற்றி, வெள்ளையடித்து, எறும்புப் புற்றையெல்லாம் சுரண்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். முன்வாசல் பக்கத்தில் ஒரு கல்லை நட்டுத் திரை போட்டு வைத்தார்கள், மேலே செல்லத்துரை பெயர், கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் உபயம் ஞானசிகாமணி. ஊரே வந்திருந்தது. நிகழ்ச்சி, முதலில் பாட்டு, பிறகு தேவக்கனி வேதபாடம், பிறகு மூப்பர் ஜெபம், பிறகு ஐயர் திரை விலக்குவது. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்துவிடு என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வரச் சொன்னார்கள், அதையும் சுற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

தேவக்கனி குளித்தாள், நல்ல சேலை கட்டினாள், வேதாகமத்தை எடுத்துக்கொண்டாள், அடுப்படியை விட்டு நகரவில்லை. பாட்டு முடிந்தது. ஐயர், வேதபாடம் என்றார். யாரும் எழுந்து வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பூட்டின கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் வாசிக்க ஆரம்பித்தாள். கொடுத்த பாடத்தை அல்ல, கதவோரம் நின்ற வசனத்தை. வாசிக்கிற குரலும் ஏற்கனவே நின்ற குரலும் ஒன்றாகக் கலந்து ஒரு வார்த்தை பிசகாமல் ஹாலுக்குள் வந்தன. முடிந்ததும், வில்லங்கம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று மூப்பர் துள்ளி எழுந்து, எல்லாரும் கண்களை மூடுங்கள், ஜெபம் பண்ணுவோம் என்றார். அப்போது தேவக்கனி கதவைத் தட்டினாள்.

கோபமாகத் தட்டவில்லை. மாவு சலிக்கிறவள் மாதிரி நிதானமாக, ஒரே சீராகத் தட்டினாள். மூப்பர் குரலை உயர்த்தினார். அவள் தட்டினாள். அவர் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரில் ஆரம்பித்து, செங்கடலைப் பிளந்தவரைத் தாண்டி, தம்பியின் ஆத்துமாவுக்கு வந்து, இந்த விதவையை மறைத்துக்கொள்ளும் என்று முடித்து, ஜெபம் கேளும் பிதாவே என்று நிறுத்தினார். அந்த இடத்தில் சபை ஆமென் சொல்ல வேண்டும். சபை சொல்லவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆமென் இல்லாமல் ஒரு ஜெபத்தை எப்படி முடிப்பது? அவருக்கும் தெரியவில்லை, அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை, அப்படி ஒன்று நடந்ததே கிடையாது. அவர் மறுபடி ஆரம்பித்தார். மிஷனெரிமார்களுக்கு ஜெபித்தார், ஆளுகை செய்கிறவர்களுக்கு ஜெபித்தார், கடலில் போனவர்களுக்கும் மலையில் போனவர்களுக்கும் ஜெபித்தார், பிதாவே என்று நிறுத்தினார், ஆமென் வரவில்லை, வேறு வழியில்லாமல் மறுபடி ஆரம்பித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, குரல் கம்மிப்போனது. இத்தனை காலம் ஊரே அவருடைய ஜெபம் எப்போது முடியும் என்று காத்திருந்தது, அன்றைக்கு முதல்தடவையாக அவரும் காத்திருந்தார்.

முதலில் கண்ணைத் திறந்தவர்கள் பெண்கள். திறந்த கண்ணோடு கதவைப் பார்த்தார்கள், மூப்பர் இடுப்பைப் பார்த்தார்கள். மத்தியானம் மேய்ப்பன் சங்கீதத்தில் தூங்கிப் பழகினவர்கள்தான், இந்தச் சத்தம் அவர்களைத் தூங்கவிடவில்லை.

"மூப்பரே, கதவத் தட்டுதாங்க. மொதல்ல அதத் திறங்க," என்றார் ரூபவதி டீச்சர், பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில்.

மூப்பர் ஐயரைப் பார்த்தார். ஐயர், யார் மனதையும் நோகவிடாத ஐயர், தன் அங்கியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமாதானம் எழுந்து நின்றான். அவன் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். மூப்பர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் போட்டுத் திறந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் தேவக்கனி வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள், தட்டித் தட்டி விரல்முட்டி சிவந்திருந்தது. ஹாலுக்குள் வந்தாள், வெள்ளையடித்த சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூப்பர் அவசரமாக மறுபடி கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

"இருங்க அத்தான். நான் வாசிச்சது இன்னும் முடியல," என்றாள்.

அப்புறம் அவள் கண்ணை மூடாமலே ஜெபித்தாள். அந்த ஊரில் ஒரு பொம்பளை தான் வாசித்ததைத் தானே ஜெபித்தது அதுதான் முதல்தடவை.

"ஆண்டவரே, கேக்கச் சொன்னீரு, இத்தன நாளும் வெக்கப்பட்டேன். இப்பக் கேக்கேன். இது என் வீடு. என் வீட்டுக்காரரு கட்டுன வீடு. எனக்கு வேற வீடு வேண்டாம், பரலோகத்து வீடு அப்புறம் பாத்துக்கிடலாம். எனக்கு இந்த வீடு வேணும். ஆமென்."

கெசியா ஆமென் என்றாள். சமாதானம் சொன்னான், டீச்சர் சொன்னார், அதற்குப் பிறகு யார் யார் சொன்னார்கள் என்று தெரியாதபடி ஹால் முழுக்கச் சொன்னது. ஐயரும் சொன்னார், மெதுவாகத்தான், ஆனால் சொன்னார். கதவோரம் நின்ற குரல் அடங்கியது. மில் மோட்டார் நின்றதும்தான் இவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியுமே, அந்த மாதிரி எல்லாருக்கும் தெரிந்தது. தேவக்கனி கையை நீட்டினாள். மூப்பர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு சாவியை அந்தக் கையில் வைத்தார். ஜனங்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கலைந்து போனார்கள்.

இப்போது அந்த ஹாலில் கெசியா புத்தகங்களைப் பரப்பிப் படிக்கிறாள். நட்டு வைத்த கல்லை வீணாக்குவானேன் என்று தேவக்கனி அதைப் பிடுங்கி இன்னும் ஆழமாகக் குழி தோண்டி நட்டுவிட்டாள், செல்லத்துரை பெயர் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிகிறது, உபயம் மண்ணுக்குள் இருக்கிறது. ஊர் வழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டது, வாசிக்கிறவளே ஜெபிக்கிறாள், ஜெபிக்க நினைக்கிறவன் முதலில் வாசித்துவிட்டு வருகிறான். அப்படியும் ஊர் வாய் ஊர் வாய்தான். மூப்பர் பெரிய மனசு பண்ணி வீட்டை விட்டுக்கொடுத்தார் என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விட்டுக்கொடுத்தாராம்! எதை யாருக்கு விட்டுக்கொடுத்தார்?

அவர் வீட்டு ஹாலில் மட்டும் அந்த வசனம் இன்னும் அடங்கவில்லை. உள்ளே இருக்க முடியாமல் அவர் சாயங்காலமானால் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், உள்ளேயிருந்து தேவக்கனியின் குரல் விதவைகளின் வீடுகள் என்று வாசிப்பது தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிறது. ஒரு நாள் தேவக்கனி தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகப் போனாள்.

"ஏம்மா தேவக்கனி, ஒன் கொரல்தான. ஒரு வார்த்த ஜெபிச்சு அத அமத்திட்டுப் போயேன்," என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார்.

தேவக்கனி குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாசிச்சதுதான் நான், அத்தான். எனக்குள்ளத நான் ஜெபிச்சிட்டேன். இது உங்களுக்குள்ளது. 'எடுத்தேன், தப்பு' அப்படின்னு சொன்னாப் போதும். சின்ன ஜெபம்தான்."

 அவர் கைகளைக் கூப்பி, கண்ணை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே என்றுதான் ஆரம்பித்தார்.